தேறினால் சேரவேண்டாம்

ஊட்டிக்காரன் ஒருவன் தேயிலைச் செடியைப் பார்க்க ஆப்பிரிக்காவுக்குப் போகவேண்டிய அவசியம் என்ன என்று என் கணவரைக் கேட்காத ஆள் கிடையாது. அவர் டீ மேக்கர். பறித்த கொழுந்து எவ்வளவு நேரம் வாடவேண்டும், எப்போது ரோலருக்குப் போகவேண்டும், எப்போது டிரையருக்குப் போகவேண்டும் என்று முடிவு செய்கிற ஃபாக்டரி ஆள். குந்தா பக்கம் ஒரு எஸ்டேட்டில் அதைச் செய்துகொண்டிருந்தவரை, அதையே செய்வதற்கு உகாண்டாவுக்குக் கூப்பிட்டார்கள். போனோம். அங்கேயும் மலை, அங்கேயும் மழை, அங்கேயும் காலையில் ஃபாக்டரிச் சங்கு. ஊரை விட்டு வந்த மாதிரியே இல்லை என்று கணவர் சந்தோஷப்பட்டார். எனக்கு அதுதான் குறையாக இருந்தது.

போகும்போது பிள்ளைகள் இரண்டு. அங்கே போன பிறகு அது ஐந்தானது. "கரண்டு அடிக்கடி போற ஊருங்களாக்கும்?" என்று என் ஓரகத்தி, அதாவது கணவருடைய அண்ணன் மனைவி, போனில் சிரிக்காமல் கேட்டாள். ஆமாங்க்கா என்று நானும் சிரிக்காமல் சொன்னேன்.

நல்ல பள்ளிக்கூடம் தலைநகரில் இருந்தது. தலைநகர் அரைநாள் பயணம். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளை அந்த ஊர் மொழியில் நடத்தினார்கள். அது அவர்கள் ஊர், அவர்கள் மொழி, யாரைக் குறை சொல்ல? ஆக, கணிதத்தில் பட்டம் வாங்கி, அதைக் கல்யாணப் பத்திரிகையில் போடுவதற்கு மட்டும் பயன்படுத்தியிருந்த நான், எங்கள் சாப்பாட்டு மேசையில் ஒரு பள்ளிக்கூடம் ஆரம்பித்தேன். இட்லித் தட்டை எடுத்தால் பாடம், பாடத்தை எடுத்தால் மதியச் சோறு. டீச்சரும் நான், ஹெட்மிஸ்ட்ரஸும் நான், சத்துணவும் நான். பியூன் வேலை மட்டும் கணவருக்கு. சாயந்தரம் ஃபாக்டரியிலிருந்து வந்து, மேசைக்கடியில் கிடக்கும் பென்சில்களைப் பொறுக்குவார்.

ஐந்து பேருக்கு ஐந்து வகுப்புப் பாடத்தை ஒரு மனுஷி நடத்த முடியாது. நடத்தினால் சோறு யார் வடிப்பது? அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். நான் பெரியவளுக்குச் சொல்லித் தருவேன். அவள் தன் பாடத்தை முடித்ததும் எழுந்துபோய்த் தம்பிக்குச் சொல்லித் தருவாள். அவன் முடித்ததும் அவனுக்கு அடுத்தவளிடம் போவான். கடைசி இரண்டு பயல்களுக்கு யார் கை ஓய்ந்திருக்கிறதோ அவர்கள். முடித்தவர் எழுந்துபோய் முடிக்காதவருக்கு உதவவேண்டும் என்பதுதான் எங்கள் பள்ளியின் ஒரே சட்டம். பரீட்சைக்கும் அதே சட்டம். எல்லோர் தாளும் நிரம்பினால் பரீட்சை முடிந்தது என்று அர்த்தம், அன்றைக்குச் சேமியாப் பாயசம். அந்தப் பாயசத்துக்காகவே பெரியவள் தன் தாளை விரட்டி எழுதிவிட்டுத் தம்பிகள் மேல் பாய்வாள். ஒற்றுமையான குடும்பம் என்று எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

இந்தச் சட்டம் பிடிக்காத ஒரே பிறவி மூன்றாவதாகப் பிறந்தவள். மேலே இரண்டு, கீழே இரண்டு, நடுவில் இவள். நாங்கள் நடுவுக்காரி என்போம். நடுவுக்காரி எழுதும்போது இடது கையை வளைத்துத் தாளுக்குச் சுவர் கட்டிக்கொள்வாள். யாராவது கிட்டே போனால் தலையையும் கவிழ்த்துக்கொள்வாள். பாடப் புத்தகங்களை ஊட்டியிலிருந்துதான் கொண்டுபோவோம், புளிக்கும் மிளகாய்த்தூளுக்கும் நடுவே வைத்து. வகுப்புக்கு ஒரு செட்தான். அது அவள் கைக்கு வரும்போது ஒவ்வொரு கணக்குக்குக் கீழேயும் இரண்டு பேர் விடை எழுதியிருப்பார்கள். அவள் அதை ரப்பரால் தேய்ப்பாள். பக்கம் கிழியும். "விடைதான் இருக்குதே, பாத்து எழுதேண்டி" என்று அண்ணன் தாராளமாகச் சொல்வான். அவள் அழுவாள். சரி, இவளுக்கு ஒன்றும் ஏறவில்லை, ஏறாததைத்தான் கையால் மறைக்கிறாள் என்று டீச்சராகிய நான் தீர்மானித்தேன். ஐந்தில் ஒன்று மந்தமாக இருந்தால் என்ன, பெரிய குடும்பத்தில் சராசரிதானே கணக்கு என்று தாயாகிய நான் சமாதானமும் செய்துகொண்டேன்.

இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நீண்ட லீவு. லீவு என்பது கம்பெனி வைத்த பெயர். ஊட்டியில் அதற்குப் பெயர் இன்ஸ்பெக்‌ஷன்.

ஊட்டியில் காந்தல் என்கிற பக்கம் கணவருடைய அண்ணன் வீட்டில் இறங்கி ஸ்வெட்டர் போடுவதற்குள் ஆரம்பித்துவிடும். பக்கத்து வீட்டுக்காரர், பால் ஊற்றுகிறவர், கேஸ் சிலிண்டர் போட வந்தவர் எல்லோருக்கும் திடீரென்று கல்வியில் அக்கறை வந்துவிடும். "எங்க தங்கம், பதினேழாம் வாய்ப்பாடு சொல்லு." "உகாண்டாவுக்குத் தலைநகரம் என்ன?" அங்கேயிருந்து விமானம் ஏறி வந்த பிள்ளையிடம் இந்தக் கேள்வி. மார்க்கெட்டுக்குப் போனால் வாழைக்காய் நிறுத்துக்கொண்டே கேட்பார்கள். எந்த ஸ்கூலுங்க கண்ணு? ஊட்லீங்க. டீச்சர் ஆருங்க? அம்மாங்க. ஹெட்மாஸ்டர்? அதும் அம்மாங்க. வாழைக்காய்க்காரர் தராசைக் கீழே வைத்துவிட்டு, மந்தையை ஓட்டிக்கொண்டு தொலைந்துபோனவளைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்ப்பார்.

கணவருடைய அண்ணனுக்கு மார்க்கெட்டில் காய்கறி மண்டி. நல்ல மனிதர். பிள்ளைகள் மீது உயிர். தினமும் கேரட் மூட்டைகளைப் பிரித்துப் பெரிசு, நடுத்தரம், பொடிசு என்று தரம் பார்த்துப் பழகியவர், அந்த லீவில் எங்கள் ஐந்தையும் கூடத்தில் வரிசையாக நிற்கவைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"ஏனம்மிணி, இதுகளை ஊட்டுக்குள்ளயே வெச்சுப் படிப்பிச்சுப் போடறே, செரி. நாளைக்கு இதுக பத்தாவது பரீச்சை எழுதோணுமே. நாலு புள்ளைகளோட உக்காந்து எழுதிப் பழகியிருக்குதா? அஞ்சையும் இங்க ஹாஸ்டல்ல போட்டுட்டுப் போங்க. நாங்க பாத்துக்கறோம்."

"அஞ்சையும் உட்டுட்டு நான் அங்க போயி என்னங்க மாமா பண்றது?"

"ஏன், தம்பியைப் பாத்துக்க."

நான் கணவரைப் பார்த்தேன். தேயிலையைத் தவிர உலகத்தில் வேறு எதைப் பற்றியும் அவருக்குக் கருத்துக் கிடையாது. அவர் டம்ளரிலிருந்த டீயை வெளிச்சத்தில் தூக்கி நிறம் பார்த்துக்கொண்டிருந்தார்.

சண்டை நாலு நாள் ஓடியது. நான் சமைக்காமல் இருந்து பார்த்தேன். ஓரகத்தி என்னைவிட நன்றாகச் சமைப்பாள் என்பதால் அது யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் மாமாவே ஒரு தீர்ப்புக் கொண்டுவந்தார். ஊட்டியில் ஒரு ஹாஸ்டல் பள்ளிக்கூடத்தில் அவருக்குத் தெரிந்தவர் உண்டு. ஐந்து பேரும் அங்கே நுழைவுத் தேர்வு எழுதட்டும். அவரவர் வயசுக்கான வகுப்புக்குத் தேறிவிட்டால் அம்மாவின் படிப்பு நல்ல படிப்பு, கூட்டிக்கொண்டு போகலாம், இனி இந்தக் குடும்பத்தில் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். தேறாவிட்டால் ஐந்தும் ஹாஸ்டல்.

தேறினால் சேரவேண்டாம், தேறாவிட்டால் சேரவேண்டும். இப்படியொரு நுழைவுத் தேர்வை எந்தப் பள்ளிக்கூடமும் கண்டிருக்காது. ஆனாலும் நான் உடனே சரி என்றேன். என் ஐந்து பிள்ளைகளும் அன்றைக்கு அந்த அறையில் என்ன எழுதுகிறார்கள் என்பதில்தான் அவர்கள் என்னோடு விமானம் ஏறுவார்களா மாட்டார்களா என்பது இருந்தது. பயமில்லாமல் இல்லை. பெரியவர்கள் இரண்டு பேரும் தேறுவார்கள். கடைசிப் பயல்கள் வாயாலேயே தேறிவிடுவார்கள். என் கவலையெல்லாம் நடுவுக்காரிதான். அந்த வாரம் முழுவதும் அவளைப் பிடித்துவைத்துப் பின்னம் நடத்தினேன். கையை வளைத்துச் சுவர் கட்டியே கேட்டுக்கொண்டாள்.

பரீட்சை நாளில் கோடை சீசன் உச்சத்தில் இருந்தது. சேரிங்கிராஸில் வண்டிகள் நின்றது நின்றபடி இருக்க, நாங்கள் ஏழு பேரும் ஜீப்பிலிருந்து இறங்கி நடந்தோம். கணவர் வரவில்லை. பழைய ஃபாக்டரி நண்பரைப் பார்க்க பிக்கட்டி போயிருந்தார், அன்றைக்கென்று பார்த்து. பள்ளியில் நீளமான அறை, ஆளுக்கொரு பெஞ்சு, ஆளுக்கொரு டெஸ்க். வேறு பிள்ளைகளும் பத்துப் பதினைந்து பேர். என்னையும் மாமாவையும் வராண்டாவில் உட்காரவைத்தார்கள். ஜன்னல் வழியாக எல்லாம் தெரிந்தது.

முதலில் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. ஐந்து தலைகளும் குனிந்திருந்தன. நான் மாமாவை ஒரு பார்வை பார்த்தேன். பிறகு பெரியவள் பேனாவை மூடினாள். தாளை நேராக அடுக்கினாள். எழுந்தாள். அவள் எங்கே போகிறாள் என்று எனக்கு அந்த நொடியிலேயே தெரிந்துவிட்டது. மேற்பார்வைக்கு இருந்த டீச்சர், பிள்ளை பாத்ரூம் போகிறது என்று நினைத்து வழிவிட்டார். பெரியவள் நேராகத் தம்பியிடம் போய் அவன் பெஞ்சில் ஒண்டி உட்கார்ந்து, அவன் தாளில் விரலை வைத்தாள். அவன் முடித்தான். அவனும் எழுந்தான். கடைசிக்கு முந்தினவனிடம் இவன், கடைசியிடம் அவள். அதோடு நின்றார்களா? கடைசிப் பயல் தன்னுடையது முடிந்ததும், பக்கத்தில் முழித்துக்கொண்டிருந்த யாரோ ஒரு பையனிடம் போய், "உனக்கு எது வரலே?" என்று கேட்டான். ஊருக்கே உதவுகிற பிள்ளைகளாக வளர்த்திருக்கிறேன்.

"ஏய்! என்ன பண்றீங்க?" டீச்சரின் குரல் வராண்டா வரை வந்தது.

பெரியவள் மரியாதையாக எழுந்து நின்றாள். "நான் முடிச்சுட்டேன் மிஸ். இவனுக்குச் சொல்லித் தரேன்."

"பரீட்சையில யாராவது சொல்லித் தருவாங்களா?"

"எங்க ஸ்கூல்ல தருவாங்க மிஸ்."

மாமா தலையில் கை வைத்துக்கொண்டார். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம்தான் ஒப்பந்தம் ஞாபகத்துக்கு வந்தது.

தலைமை ஆசிரியை எங்களை அறைக்குள் கூப்பிட்டார். ஐந்து பேரும் சுவரோரம் நின்றார்கள். நாலு தாள்களில் குறுக்கே கோடு போட்டிருந்தது. "காப்பியடிக்கிற பிள்ளைங்களைப் பார்த்திருக்கேன்மா. எழுந்து நடந்துபோய்க் காப்பி சப்ளை பண்ற பிள்ளைங்களை இப்பதான் பார்க்கறேன்" என்றார். கோபமாகத்தான் சொன்னார், உதடு மட்டும் ஒத்துழைக்கவில்லை.

"அப்ப தேறலைங்க. ஹாஸ்டல்தான்" என்றார் மாமா.

"தாளையே திருத்தலைங்களே. தேறலைன்னு எப்படிச் சொல்லுவீங்க?" என்றேன்.

"கோடு போட்டாச்சல்லம்மிணி!"

"கோடு போட்டா ஃபெயிலுங்களா? அவங்க சொல்லட்டும்."

தலைமை ஆசிரியைக்கு எங்கள் ஒப்பந்தம் தெரியாது. இந்தப் பள்ளியில் இடம் கிடைத்துவிடக்கூடாது என்பதற்காகத் தன் பிள்ளை தேறிவிட்டதாக வாதாடுகிற தாயை அவர் முதல்முறையாகப் பார்த்திருப்பார். இருவரையும் கையமர்த்திவிட்டு ஐந்தாவது தாளை எடுத்துப் போட்டார்.

"இந்தப் பொண்ணு மட்டும் எழுந்திரிக்கலை. அக்கா பக்கத்துல போனப்பகூடக் கையை வெச்சு மறைச்சுக்கிட்டா, 'போ'ன்னு சொல்லிட்டான்னு மிஸ் சொன்னாங்க. தப்பும் இருக்கு. ஆனா எல்லாம் இவளே யோசிச்சு எழுதினது. வயசுக்கான வகுப்புல தாராளமா சேர்த்துக்கலாம்."

நடுவுக்காரியின் தாள். பின்னக் கணக்குகளை எட்டிப் பார்த்தேன். நான் சொல்லித்தந்த வழியில் ஒன்றுகூட இல்லை. சுற்றி வளைத்து, நாலு வரியில் முடியவேண்டியதைப் பத்து வரிக்கு இழுத்து, சரியான விடைக்கு வந்து சேர்ந்திருந்தாள். மந்தம் என்று நான் முத்திரை குத்தியவள்தான் அன்றைக்கு என் பள்ளிக்கூடத்தின் மானத்தைக் காப்பாற்றியிருந்தாள். சந்தோஷத்தோடு சந்தோஷமாக மாமாவையும் ஒரு கை பார்த்துவிடலாம் என்று திரும்பினேன்.

"பாத்தீங்களாங்க மாமா? ஒருத்தி தேறிட்டா. தேறினா கூட்டிட்டுப் போலாம்னு நீங்கதான் சொன்னீங்க. மத்த நாலும் அதே மேசையில படிச்சதுகதானுங்களே? வா தங்கம், கிளம்பலாம்."

"நான் இங்கயே இருக்கேன்மா" என்றாள் நடுவுக்காரி.

கதவு வரை போயிருந்த நான் திரும்பினேன்.

"எதுக்கு?"

"இங்க ஆளுக்கொரு பெஞ்சு இருக்குது."

வீட்டுக்கு வந்து நான் செய்யாத கூத்தில்லை. ஹாஸ்டல் சோறு எப்படி இருக்கும் என்று வருணித்தேன். ஊட்டிக் குளிரில் விடியற்காலையில் குளிக்கவேண்டும் என்றேன். அப்பா ஏங்கிப்போய்விடுவார் என்றேன். பிக்கட்டியிலிருந்து திரும்பியிருந்த அப்பா, "ஆசைப்படறா, உட்டுப் பாக்கலாமே" என்று சொல்லி, தேயிலை அல்லாத ஒரு விஷயத்தில் தன் முதல் கருத்தை வெளியிட்டார். வேறு நாள் கிடைக்கவில்லை அவருக்கு. மற்ற நாலு பேரும் ஆளுக்கொரு கருத்து வைத்திருந்தார்கள். எங்கள் வீட்டில் எதற்கும் ஐந்து கருத்து உண்டு, அவளுடையதை யாரும் கேட்டதில்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. மூன்றாம் நாள் ராசிக்கு வந்தேன்.

"அங்க போனதும் உனக்குன்னு தனி மேசை வாங்கித் தரேன். சுவத்தோரமாப் போட்டுக்கலாம். ஒருத்தரும் கிட்ட வரக்கூடாதுன்னு சொல்லிடறேன்."

அவள் நிஜமாகவே யோசித்தாள். எனக்காகத்தான் யோசித்தாள் என்று முகத்தில் தெரிந்தது.

"அதுவும் நம்ம ஊட்லதானேம்மா இருக்கும்" என்றாள்.

எனக்கு வலித்தது. பத்து வயசுப் பெண் தன் வீட்டை, வீடு என்கிற குற்றத்துக்காகவே வேண்டாம் என்கிறாள். கோபமும் வந்தது. இவளைப் பெற்று, உலகத்தின் மறுபக்கத்தில் எழுத்துச் சொல்லித்தந்து, எல்லோரோடும் ஒட்டி வளரட்டும் என்று வளர்த்தால், ஒரு மரப் பெஞ்சைப் பார்த்து மயங்கிவிட்டாள். இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. ஓரகத்திதான் மொச்சைக்கொட்டை உரித்துக்கொண்டே, "சனி ஞாயிறு நான் போய்க் கூட்டிட்டு வந்துருவேன். இங்க அவளுக்குத் தனி ரூமு கொடுக்கோணுமா, கூடப் படுக்க வெக்கோணுமா, அதை மட்டும் சொல்லிட்டுப் போ" என்றாள். தனி ரூம் என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது, மொச்சைக்கூடைக்கு அந்தப் பக்கம் இருந்ததால் அவள் பார்க்காத மாதிரி இருக்க முடிந்தது.

மாமா வெற்றியைக் கொண்டாடவில்லை. ஐந்தில் ஒன்றுதான் கிடைத்தது என்ற வருத்தமோ என்னவோ. மற்ற நாலு பேரையும் பற்றி அதற்கப்புறம் பேச்சே எடுக்கவில்லை. மண்டியில் மட்டும் ஆட்களிடம், "நம்ம புள்ளைக பரீச்சையில மத்தவங்களுக்குச் சொல்லித் தருதுக" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

ஜூன் மாதத் தூறலில் அவளைக் கொண்டுபோய் விட்டோம். நாலு பேரும் உள்ளே வரவேண்டாம் என்று அவள் ஜீப்பிலேயே சொல்லிவிட்டாள், அழாமல், கோபமில்லாமல். பெரியவள் ஜன்னல் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நானும் நடுவுக்காரியும் மட்டும் மாடிக்குப் போனோம். வரிசையாகக் கட்டில்கள். ஒவ்வொரு கட்டிலுக்கும் தலைமாட்டில் குறுகலான இரும்பு அலமாரி. வார்டன் அவளுடைய கட்டிலைக் காட்டி, சாவியை என் கையில் கொடுக்காமல் அவள் கையில் கொடுத்துவிட்டு, அடுத்த பிள்ளையிடம் போனார்.

நான் பெட்டியைக் கட்டில்மேல் வைத்துத் திறந்தேன். ஸ்வெட்டர்களையும் பாவாடைகளையும் எடுத்துத் தட்டி மடித்தேன். அவள் அதற்குள் அலமாரியைத் திறந்தாள். உள்ளே தலையை நுழைத்து மேல்தட்டு, கீழ்த்தட்டு எல்லாம் பார்த்தாள். கதவைச் சாத்தினாள். பூட்டினாள். கைப்பிடியைப் பிடித்து இரண்டு தரம் இழுத்துப் பார்த்தாள். திறக்கவில்லை என்று தெரிந்ததும் அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. ஐந்து பேருக்குப் பொதுவான என் மேசையில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

"துணியே இன்னும் வெக்கலை, அதுக்குள்ள எதைடி பூட்டறே? சாவியைக் குடு, அடுக்கித் தரேன்" என்று கையை நீட்டினேன்.

"உள்ள ஒண்ணுமில்லைம்மா. காலிதான்" என்றாள்.

நான் கையை நீட்டியபடி நின்றேன். சாவியை அவள் கொடுக்கவில்லை.